கிண்டும் கை நிற்கக் கூடாது: விஆர் கண்ணாடிக்குள் ஒரு கடல் எப்படி உருவாகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படிக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கைதான். அகன்ற வாணலியில் பால் கொதிக்கிறது. கீழே விறகு எரிகிறது. துடுப்பைப் பிடித்த கை அடியிலிருந்து மேலாகவும் ஓரத்திலிருந்து நடுவாகவும் ஓயாமல் போய்வருகிறது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அது ஆவியாகப் போகப் போக, மிஞ்சுகிற சத்தெல்லாம் அடியில் படியப் பார்க்கும். கை சற்று ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். ஒரு மூலையில் பிடித்த தீய்ந்த வாடை வாணலி முழுவதும் ஏறிவிடும். பால் எவ்வளவு நல்ல பால் என்பதெல்லாம் அதற்கப்புறம் கணக்கில் வராது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இனிப்பில் பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. மிச்சத்தைத் தீயும் கையும் நேரமும் பார்த்துக்கொள்கின்றன.

தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டுக்குள் ஒரு கடற்கொள்ளையர் கதை எப்படி உயிர் பெறுகிறது என்று விளக்க, எனக்கு இந்த அடுப்படியைவிட நல்ல இடம் தெரியவில்லை. அங்கேயும் சரக்கு கொஞ்சம்தான்: சில எண்கள், இரண்டு சிறு திரைகள், இரண்டு லென்ஸ்கள். ஆட்டத்தை ஆக்குவதும் கெடுப்பதும் நேரம். படம் சுமாராக இருந்தால்கூட மனம் ஒத்துப்போகும். படம் தாமதமாக வந்தால் வயிறு ஒத்துக்கொள்ளாது.

ராஜபாளையத்தில் கடல் இல்லை. மேற்கே மலை, ஊரைச் சுற்றி நூற்பாலைகள், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்கச் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சாண்டில்யனின் ‘கடல் புறா’வைக் குமுதத்தில் தொடராகப் படித்த தலைமுறை, கப்பலையும் கொள்ளையரையும் மனத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டது. அவர்களுடைய பேரன், இன்று வீட்டு முன்கூடத்தில் நின்றபடி அந்தக் கப்பலின் கயிற்றைப் பிடித்து ஏறுகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அவன் காற்றைப் பிடித்து இழுப்பதுதான் தெரிகிறது. “என்னப்பா இவன், ஒண்ணுமில்லாததைப் புடிச்சுக்கிட்டு இந்தப் பாடு படுறான்?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பேசுவதற்கு ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் ‘பைரேட்ஸ் விஆர்: ஜாலி ரோஜர்’ வெளிவந்தது. ஸ்பிளிட் லைட் ஸ்டுடியோ உருவாக்கியது. கணினியோடு இணைத்து ஆடும் ஹெட்செட்டுகளுக்காக முதலில் வந்தது. மர்மத் தீவு, புதையல், எழுந்து வரும் எலும்புக்கூடுகள், கூடவே வாயாடும் ஒரு கிளி. பாறையைக் கையால் பற்றி ஏறலாம். தண்ணீருக்குள் கையை வீசி நீந்தலாம். வாளும் துப்பாக்கியும் உண்டு. கதை நாம் பழைய படங்களில் பார்த்ததுதான். ஆனால் திரையில் ஒருவன் ஏறுவதைப் பார்ப்பதும், நாமே ஏறுவதும் வேறு. அந்த ‘நாமே’ எங்கிருந்து வருகிறது?

பாலிலிருந்து தொடங்குவோம். இங்கே பால் என்பது உங்கள் தலையின் இருப்பு: அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது. இது கறந்த சூட்டில் வர வேண்டும். நேரம் கடந்த பால் திரிந்துவிடும்.

ஹெட்செட்டுக்குள் விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உணரி இருக்கிறது. நொடிக்கு ஆயிரம் முறை என்ற அளவில் அது சுழற்சியையும் வேக மாற்றத்தையும் அளந்துகொண்டே இருக்கும். வேகமான ஆள்தான், ஆனால் நம்பகமான ஆள் இல்லை. ஒவ்வோர் அளவிலும் நேரும் துளிப் பிழை கூடிக் கூடி, சில நொடிகளில் தலை இருக்கும் இடத்தையே தவறாகச் சொல்லத் தொடங்கிவிடும். அதைத் திருத்துவதற்காக ஹெட்செட்டின் முகப்பில் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். அவை அறையைப் பார்க்கின்றன. சுவரின் மூலை, கதவு நிலை, ஜன்னல் கம்பி, மாட்டியிருக்கும் படம் என்று கண்ணில் உறைக்கும் புள்ளிகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நீங்கள் நகரும்போது அந்தப் புள்ளிகள் எப்படி இடம் மாறுகின்றன என்பதைக் கொண்டு உங்கள் இடத்தைக் கணக்கிடுகின்றன. உணரி வேகத்தைத் தருகிறது, கேமரா உண்மையைத் தருகிறது. இரண்டையும் கலந்துதான் பால்.

இதனால் நம் வீடுகளுக்கு ஒரு விசித்திரமான நன்மை உண்டு. வெள்ளையடித்த வெறும் சுவரில் கேமராவுக்குப் பிடிமானம் இல்லை. ஆண்டாள் படம், ஜவுளிக்கடை காலண்டர், பள்ளிச் சான்றிதழ், மணமக்கள் போட்டோ என்று நிறைந்திருக்கும் சுவரோ அதற்கு விருந்து. கெடுக்கும் பொருளும் நம் வீட்டிலேயே இருக்கிறது: ஆளுயரக் கண்ணாடி பதித்த ஸ்டீல் பீரோ. கண்ணாடிக்குள் தெரியும் அறையை உண்மையான அறை என்று கேமரா நம்பிவிட்டால், கப்பல் தளம் திடீரென்று ஓர் அடி தள்ளிப்போகும். ஆடும்போது பீரோவின் மேல் ஒரு போர்வையைப் போட்டுவிடுவது நல்லது. விளக்கு வெளிச்சமும் போதுமான அளவு வேண்டும். இருட்டு கேமராவுக்கும் இருட்டுதான்.

பால் வந்தாயிற்று, இனிக் கிண்டல்.

ஹெட்செட்டின் திரை நொடிக்கு 72, 90 அல்லது 120 முறை படத்தை மாற்றுகிறது. 90 என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் 11 பங்கு, அதாவது 11 மில்லி நொடி. அதற்குள் உங்கள் தலை எங்கே என்று கேட்டு, அங்கிருந்து பார்த்தால் கடல் எப்படித் தெரியும், எலும்புக்கூடு எங்கே நிற்கும், விளக்கொளி எதன்மேல் விழும் என்று கணக்கிட்டு, வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்களை வரைந்து முடிக்க வேண்டும். 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள். இரு கண்ணுக்கும் சேர்த்து ஏறத்தாழ 91 லட்சம். நொடிக்கு 90 முறை என்றால் 82 கோடிப் புள்ளிகள். பால்கோவா ஒரு ஈடு இறங்க வெகு நேரம் பிடிக்கும். இங்கே நொடிக்கு 90 ஈடு, ஒவ்வொன்றும் புதிதாக, பரிமாறிய கணமே கீழே கொட்டப்பட்டு அடுத்தது ஏறுகிறது.

ஒரே ஓர் ஈடு பிந்தினால் என்ன ஆகும்? நீங்கள் தலையைத் திருப்புகிறீர்கள்; பழைய படமே இன்னொரு முறை வருகிறது. கடல் உங்கள் தலையோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்து, பிறகு வெடுக்கென்று தன் இடத்துக்குத் திரும்புகிறது. இதுதான் அடிப்பிடித்தல். தலை நொடிக்கு 100 பாகை வேகத்தில் திரும்புகிறது என்று கொள்வோம். சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கும் வேகம்தான் அது. படம் 20 மில்லி நொடி தாமதமானால் உலகம் 2 பாகை விலகித் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். தலை அசைந்ததிலிருந்து அதற்கான ஒளி கண்ணில் விழும் வரை 20 மில்லி நொடிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் குறிவைக்கும் எல்லை. ஜான் கார்மாக் போன்ற நிரலாளர்கள் இந்த எண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதற்கு முன்பும் விஆர் இருந்தது. ஐவன் சதர்லேண்ட் 1968-இலேயே கூரையிலிருந்து தொங்கும் தலைக்கருவியைச் செய்து காட்டிவிட்டார். வீட்டுக்குள் பரவலாக வர அது நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்ததற்குப் பெரிய காரணம் இந்தத் தாமதம்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் 20 மில்லி நொடியும் தாமதம்தானே? அங்கேதான் கைப்பக்குவம் வருகிறது. நல்ல கைக்காரர் பால்கோவா சரியான பதத்துக்கு வந்தபிறகு இறக்குவதில்லை, ஒரு பொட்டு முன்னதாகவே இறக்கிவிடுவார். வாணலியின் சூடு மிச்ச வேலையை முடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். ஹெட்செட்டும் அப்படித்தான் செய்கிறது. உங்கள் தலை இப்போது இருக்கும் இடத்துக்காக அது படம் வரைவதில்லை. இப்போதைய வேகத்தையும் திசையையும் வைத்து, படம் கண்ணில் விழும் கணத்தில் தலை எங்கே இருக்கும் என்று ஊகித்து, அந்த இடத்துக்காக வரைகிறது. மனிதத் தலைக்குக் கனம் உண்டு. நினைத்த மாத்திரத்தில் அது திசை மாற்றாது. ஒரு நொடியின் ஆயிரத்தில் இருபது பங்கு முன்னதாக அதை ஊகிப்பது பெரும்பாலும் பலிக்கிறது.

அப்படியும் தவறினால் கடைசி நேரத்தில் ஒரு வழி உண்டு. படம் வரைந்து முடிந்து திரைக்குப் போகும் தருணத்தில் தலையின் இருப்பை இன்னொரு முறை கேட்கிறார்கள். வரைந்ததற்கும் இப்போதைக்கும் சிறு வித்தியாசம் இருந்தால், முழுப் படத்தையும் மறுபடி வரையாமல் அதையே சற்று நகர்த்தி வளைத்துக் கொடுக்கிறார்கள். புதிய படம் பிந்திவிட்டால்கூடப் பழைய படத்தை இப்படித் திருத்திக் காட்டலாம். ஓக்குலஸ் நிறுவனம் 2016-இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. கணினி நொடிக்கு 45 படம் மட்டுமே வரைய, இடையில் வர வேண்டிய 45-ஐயும் முந்தைய இரண்டின் அசைவைப் பார்த்து ஹெட்செட்டின் மென்பொருளே இட்டுநிரப்பியது. ஓரத்தில் ஒட்டியதை வழித்து நடுவில் சேர்க்கும் துடுப்பு வேலை. எப்போதும் பலிக்காது. வேகமாக வீசிய வாளின் ஓரத்தில் காற்று நெளிவதுபோல ஒரு கலக்கம் தெரிந்தால், அந்தப் படம் இட்டுநிரப்பியது என்று புரிந்துகொள்ளலாம்.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. விறகடுப்பில் வாணலியின் நடுவில்தான் தீ முழுவதும். ஓரத்துக்குச் சூடு குறைவு. நம் கண்ணும் அப்படி. நேரே பார்க்கும் ஒரு சிறு வட்டத்தில்தான் கூர்மை, மற்ற இடமெல்லாம் மங்கல். அதனால் படத்தின் நடுப்பகுதியை நுணுக்கமாகவும் ஓரங்களைச் சுமாராகவும் வரைந்து, கணக்கு வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள். கருவிழி போகும் இடத்தைப் பின்தொடர்ந்து தீயை நகர்த்தும் ஹெட்செட்டுகளும் வந்துவிட்டன.

லென்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கும் திரையை யாராலும் தெளிவாகப் பார்க்க முடியாது. லென்ஸ் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஓரிரு மீட்டர் தள்ளி இருப்பதாகக் கண்ணை ஏற்க வைக்கிறது. அப்படிப் பெரிதாக்கும்போது ஓரங்கள் உள்வாங்கி வளையும். ஆகவே படத்தை வரையும்போதே பீப்பாய்போல் வெளிப்பக்கம் புடைக்கச் செய்துவிடுகிறார்கள். இரண்டு வளைவும் ஒன்றையொன்று தின்றுவிட, பாய்மரம் நேராக நிற்கிறது.

ஆழம் எப்படித் தெரிகிறது என்பதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பலரும் இதைப் பாதிதான் சொல்வார்கள். இரண்டு கண்ணுக்கும் இடையில் சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் சற்றே மாறுபட்ட படங்களைப் பார்க்கின்றன. மூளை அவற்றைச் சேர்த்து ஆழமாக உணர்கிறது. இதை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் இரண்டு ஓவியங்களையும் இரண்டு கண்ணாடிகளையும் வைத்தே காட்டிவிட்டார். ஆனால் இந்த இரட்டைக் கண் வித்தை கைக்கெட்டும் தூரத்தில்தான் வலுவாக வேலை செய்யும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரத்தைத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு கண்ணை மூடினாலும் திறந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். அது தூரத்தில் இருக்கிறது என்று சொல்வது வேறொன்று. நீங்கள் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தால் முன்னாலிருக்கும் பூக்கடையின் பந்தல் கால் இடம் மாறுகிறது, கோபுரம் மாறுவதில்லை. பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்தைத் தாண்டித் தெற்கே போகும்போது ஜன்னலோரத் தென்னைகள் ஓடுவதும், மேற்குத்தொடர்ச்சி மலை கூடவே வருவதும் இதே கணக்குதான். நம் உடம்பின் அசைவுதான் நமக்குத் தூரத்தைச் சொல்லித் தருகிறது.

முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் சினிமாவுக்கும் விஆர் ஆட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். சினிமாவில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் உண்டு. ஆனால் நீங்கள் எட்டிப் பார்த்தால் எதுவும் மாறாது. விஆரில் கப்பலின் விளிம்பில் குனிந்தால் அடியில் அலை மோதுவது தெரியும். பீப்பாயின் பின்னால் தலையை நீட்டினால் ஒளிந்திருப்பவன் தெரிவான். அந்த எட்டிப் பார்க்கும் சுதந்திரத்துக்காகத்தான் நொடிக்குத் தொண்ணூறு ஈடு கிண்டுகிறார்கள்.

இப்போது கடல். எனக்கு இந்தப் பகுதிமேல் தனிப் பிரியம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்தில் ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். அலை கரைக்கு வருகிறது. மிதக்கும் இலை வருவதில்லை. அது இருந்த இடத்திலேயே ஒரு சிறு வட்டம் போட்டுவிட்டு நிற்கிறது. ஆழ்கடல் அலையிலும் தண்ணீர் அப்படித்தான் ஏறக்குறைய வட்டம் போடுகிறது. இதை 1802-இல் கணிதமாக எழுதியவர் பிராகாவில் வாழ்ந்த பிரான்ஸ் யோசப் கெர்ஸ்ட்னர். ஒவ்வொரு துளியையும் வட்டத்தில் சுற்றவிட்டால் முகடு கூராகவும் பள்ளம் அகலமாகவும் தானே வந்துவிடும். அதுதான் கடலலையின் வடிவம். இருநூறு ஆண்டு கழித்து, இன்றைய ஆட்டங்கள் பலவற்றில் அதே சமன்பாடு ஓடுகிறது.

ஒரே அளவிலான அலைகள் வரிசையாக வந்தால் மட்டும் கடலாகிவிடாது. பெரிய அலைமேல் சிறிய அலை, அதன்மேல் சிற்றலை, குறுக்கே இன்னொன்று. ஜெரி டெசண்டார்ஃப் என்ற இயற்பியலாளர், கடலில் உண்மையாக அளந்த அலைகளின் புள்ளிவிவரத்திலிருந்து ஆயிரக்கணக்கான சிறு அலைகளைக் கூட்டி ஒரே மூச்சில் கடற்பரப்பைக் கட்டும் முறையை விளக்கி 2001-இல் பாடக்குறிப்பாக வெளியிட்டார். ‘டைட்டானிக்’ படத்தின் கணினிக் கடலும் இந்த வழியில் வந்ததுதான். அந்தக் கணக்குக்குக் கொடுக்க வேண்டிய முக்கியமான தகவல்கள் இரண்டு: காற்றின் வேகம், காற்றின் திசை. அவற்றை மாற்றினால் கடலின் குணம் மாறும்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை உண்டு. இப்போது வரும் கொள்ளையர் ஆட்டங்களில் கடல் என்றாலே பெரும்பாலும் கரீபியக் கடல்தான். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்தறிந்த கடற்கரை நம்முடையது. 1025-இல் ராஜேந்திர சோழன் படை ஸ்ரீவிஜயத்தின்மேல் போனது இந்த வழியாகத்தான். 1620-இல் டேனியர் தரங்கம்பாடியில் இறங்கியதும் இங்கேதான். மேற்குக் கரையில் கான்ஹோஜி ஆங்கரேயை ஆங்கிலேயக் கம்பெனி கொள்ளையன் என்றது, மராத்தியர் கடற்படைத் தலைவன் என்றார்கள். கப்பல் சண்டைக்கும் கதைக்கும் பஞ்சமே இல்லாத கடல்கள் இவை. கணக்கில் காற்றின் திசையை மாற்றினால் கடல் வந்துவிடும். அதன்மேல் ஒரு தோணியை மிதக்கவிட நம் பிள்ளைகள் முன்வர வேண்டும். கிருஷ்ணன்கோவிலிலும் சுற்றுப்பட்டிலும் கணினி படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவைக்கத் தோன்றுகிறது.

கப்பல் மிதப்பதும் கணக்குதான். அடித்தளத்தில் சில புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் அந்தக் கணத்தில் அலை எவ்வளவு உயரம் என்று கேட்கிறார்கள். எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம் கப்பலைத் தூக்குகிறார்கள். பிறகு ஒரு சங்கடம் வருகிறது. கப்பல் ஆடினால் அதில் நிற்பவரின் வயிறும் ஆடும்.

கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்துக்குள் புத்தகம் படித்தவர்களுக்கு இது தெரியும். கண் அசைவில்லை என்கிறது. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் அசைவு உண்டு என்கின்றன. விஆரில் இது தலைகீழாகிறது. கண் ஆடுகிறது என்கிறது, காது நிற்கிறேன் என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை குழம்பிக் குமட்டலைக் கிளப்புகிறது. இதற்குத் தீர்வாகப் பல ஆட்டங்கள் நீங்கள் நிற்கும் தளத்தை அசையாமல் வைத்து, தூரத்துக் கடலையும் அடிவானத்தையும் மட்டும் மெல்லச் சாய்க்கின்றன. அருகில் அசையாத ஒன்று இருந்தால் மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது. வேகமாக நகரும்போது பார்வையின் ஓரங்களைக் கறுப்பாக்கிச் சுருக்குவது இன்னொரு வழி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அஜாய் பெர்னாண்டஸும் ஸ்டீவன் பைனரும் 2016-இல் இதைச் சோதித்து, ஆடுபவர்களில் பலர் கவனிக்காத அளவுக்கு மெல்லச் சுருக்கினாலே குமட்டல் குறைகிறது என்று காட்டினார்கள்.

இதற்கெல்லாம் முன்பே டிஸ்னி நிறுவனம் வேறு வழியில் போனது. 2000-இல் ஆர்லாண்டோவின் டிஸ்னிகுவெஸ்ட் கட்டடத்தில் ஒரு கொள்ளையர் கப்பல் ஆட்டம் தொடங்கியது. நான்கு பேர் ஏறுவார்கள். ஒருவர் சுக்கான் பிடிப்பார், மற்றவர்கள் பீரங்கி வெடிப்பார்கள். தலையில் கருவி கிடையாது. சுற்றிலும் பெரிய திரைகள், முப்பரிமாணக் கண்ணாடி, அத்தோடு நிஜமாகவே ஆடும் தளம். கண் பார்த்த அலையைக் கால் உணர்ந்தது, சாட்சிகள் ஒத்துப்போயினர். ஐந்து நிமிட ஆட்டம். வடிவமைத்த ஜெசி ஷெல்லுக்கு இருந்த கவலை சுவையானது: சுக்கானைப் பிடித்தவர் ஒன்றுமில்லாத திசையில் கப்பலைக் கொண்டுபோய்விட்டால் மற்ற மூவரும் என்ன செய்வார்கள்? அதனால் தூரத்தில் எரிமலை, கோட்டை என்று கண்ணை இழுக்கும் ஏதாவது ஒன்றை எப்போதும் நிறுத்திவைத்தார்கள். வழி தவறினால் ஓர் எதிரிக் கப்பல் தோன்றி, துரத்தச் சொல்லி இழுத்துப் போகும். போகிறவர் தாமே போவதாகத்தான் நினைத்துக்கொள்வார். அந்த இடத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். ஆனால் இன்றைய சாகச ஆட்டங்கள் நம்மை நடத்திக்கொண்டுபோகும் விதத்தில் அந்தப் பாடம் இருக்கிறது.

கைக்கு வருவோம். பிடித்திருக்கும் கன்ட்ரோலரை ஹெட்செட்டின் கேமரா அகச்சிவப்பு விளக்குப் புள்ளிகளைக் கொண்டு பின்தொடர்கிறது. பாறையைப் பற்றி ஏறும்போது உங்கள் கை கீழே இறங்குகிறது. அதே அளவுக்கு உலகமும் கீழே இறங்குகிறது. நீங்கள் ஏறியதாக மூளை ஒப்புக்கொள்கிறது. உடம்பின் உழைப்பும் கண் காணும் அசைவும் ஒன்றுக்கொன்று ஈடு என்பதால், கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி நடப்பதைவிட ஏறுவதும் நீந்துவதும் பலருக்குக் குமட்டல் குறைவாகவே தருகின்றன. பாட்டி பார்த்த அந்தக் ‘காற்றைப் பிடிக்கும்’ வேலை அலங்காரம் இல்லை. அந்த உழைப்புதான் ஆட்டத்தை உடம்புக்குள் செரிக்க வைக்கிறது.

ஆனால் வாளுக்குக் கனம் இல்லை. எதிரியின் வாளில் மோதினால் கன்ட்ரோலர் சற்று அதிர்கிறது, அவ்வளவுதான். கை மோதலின் ஊடாகவே கடந்து போய்விடும். தொடுபுலன்தான் இந்தத் தொழிலில் இன்னும் வேகாத பகுதி. நம் பக்கத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணன் பல ஆண்டுகளாகத் தொடுபுலன் ஆராய்ச்சி செய்துவருகிறார். விஆருக்கென்றே எக்ஸ்டிக் என்ற மையமும் அவர் முயற்சியில் அங்கே இயங்குகிறது. மருத்துவப் பயிற்சிக்கும் தொழிற்சாலைப் பயிற்சிக்கும் அங்கே ஆகும் வேலை ஒருநாள் விளையாட்டு வாளுக்கும் கனம் தரலாம்.

ஒலி இதைவிட எளிதாக ஏமாற்றும். ஓர் ஓசை இடக்காதில் முதலில் விழுந்து வலக்காதை எட்ட அதிகபட்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் முக்கால் பங்குகூட ஆகாது. அந்தச் சிறு இடைவெளியையும், காது மடல் ஒலியை மாற்றும் விதத்தையும் கணக்கிட்டுக் கொடுத்தால் தோளுக்குப் பின்னால் கிளி பேசுகிறது என்று திரும்பிப் பார்ப்போம்.

வீட்டில் ஆடப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் சில தடவை உட்கார்ந்தே ஆடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். லேசாக வேர்த்தாலோ வாயில் எச்சில் ஊறினாலோ உடனே கழற்றிவிடுங்கள். தாக்குப்பிடித்துப் பழகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்; அப்படி முயன்றால் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும் நிலை வரும். இரண்டு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை உங்கள் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பலருக்கு வரும் தலைவலி அதிலேயே பாதி தீர்ந்துவிடும். மெட்டா நிறுவனம் 2023 முதல் பெற்றோர் கண்காணிப்போடு 10 வயதுப் பிள்ளைகளை அனுமதிக்கிறது. அதற்குக் கீழே வேண்டாம். திரை நிலையாக ஒரே தூரத்தில் இருக்க, கண் கிட்டவும் எட்டவும் பார்ப்பதாகப் பாவனை செய்வது வளரும் கண்ணுக்குக் கூடுதல் வேலை.

ஆடும் இடத்தைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு வரையச் சொல்லி ஹெட்செட்டே கேட்கும். அதைத் தரையில் வரைகிறோம். தலைக்குமேல் சுற்றும் மின்விசிறியை அது அறியாது. வாளை ஓங்கும் ஆட்டமானால் விசிறிக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. ஊஞ்சல் பலகையைக் கழற்றி வையுங்கள். வீட்டில் ராஜபாளையம் நாய் இருந்தால் கொல்லைப்பக்கம் கட்டிவிடுங்கள். எஜமானர் காற்றோடு சண்டை போடுவதைப் பார்த்துத் துணைக்கு ஓடி வரும் சாதி அது. நீங்கள் பின்வாங்கும் அடியில் அதன் கால் சிக்கும். சித்திரை வெயிலில் முகம் வேர்த்து லென்ஸில் ஆவி படியும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், ஈரத்துணி ஆகாது. ஆடி முடித்ததும் உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஜன்னலோரத்தில் லென்ஸ் வெளியே பார்க்கும்படி வைத்தால், உள்ளே விழும் வெயிலை லென்ஸ் குவித்துச் சிறிது நேரத்திலேயே திரையைச் சுட்டுவிடும்.